பிறப்பை மறைத்த புகழ்: ரிக்கிடோசானின் மற்போர் வாழ்வும் தாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப்போரில் தோற்று அயல்படையின் ஆட்சிக்குட்பட்டுக் கிடந்த ஜப்பானியர், தங்கள் தன்மதிப்பை மீட்டுத் தந்த வீரராகப் போற்றியவர் தொழில்முறை மற்போர் வீரர் ரிக்கிடோசான் (1924-1963). அவர் பிறப்பால் ஜப்பானியர் அல்லர். ஜப்பானின் ஆட்சிக்குக் கீழிருந்த கொரியாவில் பிறந்தவர். இவ்வுண்மை அவர் வாழ்ந்த காலம் முழுவதும் பொதுமக்களின் பார்வையிலிருந்து மறைக்கப்பட்டிருந்தது. சுமோ களத்தில் தொடங்கித் தொழில்முறை மற்போரின் நிறுவனராக உயர்ந்த அவருடைய வாழ்வைக் காலவரிசையில் விளக்கி, தொலைக்காட்சியின் பரவலிலும் அடுத்த தலைமுறை மல்லர்களின் உருவாக்கத்திலும் அவருக்கிருந்த பங்கை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. ஒரு நாட்டின் பெருமித அடையாளமாக ஒருவர் உயர்வதற்கு அவர் கொடுக்க நேர்ந்த விலை யாது என்பதே இதன் மையவினா.

திறவுச்சொற்கள்: ரிக்கிடோசான், தொழில்முறை மற்போர், சுமோ, கொரியக் குடியேறிகள், தொலைக்காட்சி, நாட்டு அடையாளம்.

முன்னுரை

விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் பட்டியலாக அமைந்துவிடுகின்றன. தொழில்முறை மற்போரைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் மிகுதி. முடிவு முன்னரே வகுக்கப்பட்ட காட்சி என்னும் காரணத்தால் விளையாட்டு வரலாற்றாசிரியர் அதனைப் புறந்தள்ளுகின்றனர். அரங்கக்கலை அன்று என்னும் காரணத்தால் நாடக ஆய்வாளரும் அதனைத் தொடுவதில்லை. இவ்விரு புறக்கணிப்புகளுக்கும் இடையே ரிக்கிடோசானின் வாழ்வு சிக்கிக்கிடக்கிறது. ஜப்பானில் அவர் பெயரை அறியாதார் அரியர். ஆயினும் அப்பெயருக்குப் பின்னிருந்த மனிதர் நெடுங்காலம் அறியப்படாதவராகவே இருந்தார். புகழும் மறைப்பும் ஒரே வாழ்வில் ஒன்றையொன்று தாங்கி நின்ற முறையைக் காண்பது இங்கு நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

ரிக்கிடோசானின் இயற்பெயர் கிம் சின்-ராக். 1924 நவம்பர் 14 அன்று, இன்றைய வட கொரியாவிலுள்ள தென் ஹாம்கியோங் மாகாணத்தில், உழவுத்தொழில் செய்த எளிய குடும்பத்தில் அவர் பிறந்ததாகப் பொதுவாகக் கொள்வர். கொரியா 1910ஆம் ஆண்டு முதல் ஜப்பானியப் பேரரசின் பகுதியாக இருந்தது. இடுப்பிலும் தொடையிலும் கட்டிய துணியைப் பற்றி எதிரியை வீழ்த்தும் சிரும் என்னும் மரபு மற்போர் அப்பகுதியில் ஊர்த்திருவிழாக்களில் இடம்பெறும். வெற்றி பெற்றவருக்குக் காளையைப் பரிசளிப்பது வழக்கம். இளைஞர் கிம் அக்களங்களிலேயே தம் உடல் வலிமையை வெளிப்படுத்தினார். அவரைக் கண்ட ஜப்பானியர் வழியாக, நாகசாக்கி மாவட்டத்தின் ஓமுரா நகரைச் சேர்ந்த சுமோ ஆர்வலர் மோமோட்டா குடும்பத்தின் தொடர்பு கிட்டியது. தோக்கியோவிலிருந்த நிஷோனோசெக்கி என்னும் சுமோ பயிற்சிக்கூடத்தில் சேர்ந்த அவர், 1940ஆம் ஆண்டில் களம் இறங்கினார்.

அங்கு அவருக்குச் சூட்டப்பட்ட களப்பெயரே ரிக்கிடோசான். வலிமை, வழி, மலை என்னும் பொருள் தரும் மூன்று எழுத்துகளால் ஆயது அது. சுமோ வீரர் அனைவரும் களப்பெயர் பூணுவர் என்பதால் இதில் தனிச்சிறப்பு ஏதும் இல்லை. ஆனால், கொரியர் தம் குடும்பப்பெயர்களை விடுத்து ஜப்பானிய முறையில் பெயர் கொள்ள வேண்டும் என்னும் ஆணை நடைமுறைக்கு வந்ததும் அதே 1940ஆம் ஆண்டில்தான் என்பது கருதத்தக்கது. ஒரு களப்பெயருக்குள் ஒரு மனிதரின் மொழியும் ஊரும் கரைந்துபோவதற்கு ஏற்ற காலச்சூழல் அது.

சுமோ களத்தில்

பயிற்சிக்கூட வாழ்வு கடுமையானது. கீழ்நிலை வீரர்கள் சமையல், துப்புரவு, மூத்தோர்க்குத் தொண்டு ஆகிய அனைத்தையும் செய்தாக வேண்டும்; அடியும் வசையும் அன்றாட நடைமுறை. கொரிய இளைஞருக்கு இவற்றோடு இனம்சார்ந்த ஏளனமும் சேர்ந்தது. போர்க்காலப் பஞ்சத்தினூடே படிநிலைகளைக் கடந்து, 1946ஆம் ஆண்டில் மகுவுச்சி எனப்படும் உயர்பிரிவை அவர் எட்டினார். 1947 ஜூன் மாதப் போட்டியில், முதலிடத்திற்காக நடைபெற்ற முடிவுச் சுற்றில் இடம்பெறும் அளவுக்கு உயர்ந்தார். அச்சுற்றில் தலைமை வீரர் ஹகுரோயாமா வென்றார். பின்னர் படிநிலையில் மூன்றாவதான செக்கிவாக்கே என்னும் தகுதி ரிக்கிடோசானுக்குக் கிட்டியது.

தொடக்கத்தில் சுமோ தரவரிசை ஏடுகளில் அவரது ஊர் கொரியா என்றே குறிக்கப்பட்டது. பின்னர் அவ்விடத்தில் நாகசாக்கியின் ஓமுரா இடம்பெற்றது. மோமோட்டா குடும்பத்தின் மகனாக அவர் அறிமுகப்படுத்தப்பட்டார். பின்னாளில் மோமோட்டா மிட்சுஹிரோ என்பதே அவரது சட்டப்பூர்வப் பெயராயிற்று. இம்மாற்றத்தைத் தனிமனிதரின் ஏமாற்று என்று மட்டும் கொள்வது பொருந்தாது. போருக்குப் பின் 1947ஆம் ஆண்டில் ஜப்பான்வாழ் கொரியர் அயலாராகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 1952ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது அவர்கள் ஜப்பானியக் குடியுரிமையை முற்றிலும் இழந்தனர். பேரரசின் குடிகளாகக் கொண்டுவரப்பட்டவர், பேரரசு வீழ்ந்ததும் அயலாராயினர். அத்தகைய சூழலில், குடும்பப் பதிவேட்டில் ஒரு ஜப்பானியப் பெயர் என்பது தொழிலையும் வாழிடத்தையும் காக்கும் அரணாக இருந்தது.

நுரையீரல் நோய் ஒன்று அவரது ஆற்றலைக் குறைத்தது. மருத்துவச் செலவும் பணம் தொடர்பான பிணக்கும் பயிற்சிக்கூடத் தலைவரோடு மனக்கசப்பை வளர்த்தன. 1950ஆம் ஆண்டில் ஓரிரவு, சுமோ வீரரின் அடையாளமான உச்சிக்கொண்டையைத் தம் கையாலேயே கத்தியால் அறுத்தெறிந்து அவர் களத்தை விட்டு வெளியேறினார். கொண்டை களைதல் என்பது முறைப்படி, பெரியோர் பலர் கூடி ஒவ்வோர் இழையாகக் கத்தரிக்கும் சடங்காகும். அச்சடங்கைத் தாமே தனித்து முடித்துக்கொண்டதில் அவரது சினத்தின் அளவு புலப்படும். உயர்நிலையை எட்டுவதற்குப் பிறப்பு தடையாக இருந்தது என அவர் கருதினார் எனவும், பணத்தகராறே முதன்மைக் காரணம் எனவும் இருவேறு விளக்கங்கள் உள்ளன. இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

தொழில்முறை மற்போரின் தோற்றம்

சுமோவை விட்ட ரிக்கிடோசான், தம்மை ஆதரித்த கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தார். 1951ஆம் ஆண்டில் அமெரிக்க மல்லர் குழு ஒன்று அறக்கொடைக் காட்சிகளுக்காகத் தோக்கியோ வந்தது. குழுவிலிருந்த ஹவாய்வாழ் ஜப்பானியரான ஹரால்ட் சகாட்டாவோடு ஒரு கேளிக்கை விடுதியில் நேர்ந்த கைகலப்பே அவரை இத்துறைக்கு இட்டுச் சென்றது என்பர். சகாட்டா 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் வெள்ளி வென்றவர். பின்னாளில் ஜேம்ஸ் பாண்டு திரைப்படமொன்றில் எதிர்நாயகனின் அடியாளாகப் புகழ்பெற்றவர். 1951 அக்டோபர் 28 அன்று பாபி பிரன்சுக்கு எதிராக ரிக்கிடோசான் முதன்முறை மேடையேறினார். பத்து நிமிடப் போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. சுமோ சில நொடிகளில் முடிந்துவிடும் ஆட்டம். பத்து நிமிடங்கள் மேடையில் நின்றபோது அவர் மூச்சிரைத்துப் போனார்.

இக்குறையை உணர்ந்து 1952ஆம் ஆண்டில் ஹவாய்க்குச் சென்று, ஓக்கி ஷிக்கினா என்னும் மல்லரிடம் அவர் கடும்பயிற்சி பெற்றார். அங்கும் அமெரிக்க நிலப்பரப்பிலும் பல நூறு போட்டிகளில் பங்கேற்றார். பிடிகளைக் காட்டிலும் அமெரிக்கத் தொழில்முறை மற்போரின் வணிக அமைப்பே அவர் கற்றவற்றுள் முதன்மையானது. யாரை யாருக்கு எதிராக நிறுத்துவது, பார்வையாளரின் சினத்தை எவ்வாறு படிப்படியாக ஏற்றுவது, எந்நொடியில் அதைத் தணிப்பது என்னும் நுட்பங்களை அவர் அறிந்துகொண்டார். சுமோவில் எதிரியை உள்ளங்கையால் அறையும் முறையைக் கையின் ஓரத்தால் வெட்டும் அடியாக மாற்றி, அதற்குக் கராத்தே வெட்டு என்னும் பெயரை வழங்கினார். 1953ஆம் ஆண்டில் நாடு திரும்பி ஜப்பான் மற்போர்ச் சங்கத்தை நிறுவினார்.

தொலைக்காட்சியும் தெருக்கூட்டமும்

ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதும் அதே 1953ஆம் ஆண்டில்தான். பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. பிப்ரவரியில் தொடங்கியபோது ஒப்பந்தம் பெற்றிருந்த பெட்டிகள் 866 மட்டுமே. ஆகஸ்டில் தொடங்கிய முதல் தனியார் நிலையமான நிப்பான் தொலைக்காட்சி விளம்பர வருவாயை நம்பியது. பெட்டியின் விலை சாதாரணப் பணியாளரின் பல மாத ஊதியத்திற்கு நிகராக இருந்தது. எனவே அந்நிலையத்தின் தலைவர் ஷோரிக்கி மட்சுதாரோ, தொடர்வண்டி நிலையங்களின் முன்றில்களிலும் பூங்காக்களிலும் பெரிய பெட்டிகளை நிறுவினார். வீடுதோறும் பெட்டி இல்லாவிடினும் பெட்டிதோறும் கூட்டம் இருந்தால் விளம்பரதாரர் வருவர் என்பது அவரது கணக்கு.

அக்கணக்கை மெய்ப்பித்தவர் ரிக்கிடோசான். 1954 பிப்ரவரி 19 முதல் மூன்று நாட்கள் தோக்கியோவின் குராமே அரங்கில் பென் ஷார்ப், மைக் ஷார்ப் என்னும் உடன்பிறந்தாருக்கு எதிராக இணைப்போட்டிகள் நடைபெற்றன. ஷார்ப் சகோதரர் கனடாவில் பிறந்தவர். ஆயினும் ஜப்பானியக் கண்களுக்கு அவர்கள் அமெரிக்கரே. ரிக்கிடோசானின் இணையாக யூடோ வீரர் மசாஹிக்கோ கிமுரா நின்றார். உருவிற் பெரிய வெள்ளையர் இருவரும் கிமுராவை மாறி மாறித் தாக்க, பொறுமையின் எல்லையில் ரிக்கிடோசான் உள்ளே பாய்ந்து கைவெட்டால் அவர்களை வீழ்த்தும் காட்சி திரும்பத் திரும்ப அரங்கேறியது. ஷிம்பாஷி நிலையத்தின் முன்னே மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டு ஒரே பெட்டியை நோக்கி நின்றனர்.

அமெரிக்கப் படையாட்சி முடிந்து அப்போது ஈராண்டுகூட நிறைவுறவில்லை. தோல்வியையும் பசியையும் பணிவையும் கண்ட தலைமுறை அது. வாய்விட்டுச் சொல்ல முடியாத சினத்திற்கு ஒரு கருநிறக் காற்சட்டை மல்லரின் கை வடிகாலாயிற்று. நியாயமாகப் போரிடுபவர் ஜப்பானியர், விதிகளை மீறுபவர் அமெரிக்கர், பொறுத்துப் பொறுத்து இறுதியில் பொங்கி எழுபவர் வெல்வார் என்னும் இம்மூன்று கூறுகளால் ஆன எளிய கதையமைப்பு அது. அக்கதையின் நாயகர் ஜப்பானிய இனத்தவர் என்பதே அதன் அடித்தளம். உண்மை வெளிப்படின் கதை மட்டுமன்று, சங்கமும் நிலையமும் விளம்பரமும் சேர்ந்தே சரியும் நிலை உருவாயிற்று. மறைப்பு இப்போது ஒருவரின் தற்காப்பாக இல்லாமல் ஒரு தொழிலின் முதலீடாக மாறியிருந்தது.

கிமுராவோடு மோதல்

கிமுரா தம் காலத்தின் தலைசிறந்த யூடோ வீரர். 1951ஆம் ஆண்டில் பிரேசில் சென்று எலியோ கிரேசியை வென்றவர். ஒவ்வொரு மேடையிலும் அடிபடும் பாத்திரமே தமக்கு ஒதுக்கப்படுவதை அவர் வெறுத்தார். உண்மையான போட்டியெனில் தாமே வெல்வார் என்னும் கருத்தில் செய்தியாளரிடம் பேச, 1954 டிசம்பர் 22 அன்று இருவரும் நேருக்கு நேர் நின்றனர். போட்டியின் நடுவே ரிக்கிடோசான் திடீரெனக் கடுந்தாக்குதலில் இறங்கினார். கைவெட்டுகளும் உதைகளும் விழுந்து கிமுரா குருதி வழியச் சாய்ந்தார். போட்டி பதினாறு நிமிடங்களுக்குள் முடிந்தது. சமநிலையில் முடிப்பதென முன்னரே பேசியிருந்ததாகவும் அவ்வுடன்பாடு மீறப்பட்டதாகவும் கிமுரா பின்னர் கூறினார். விதிமீறிய தாக்குதலை முதலில் தொடுத்தவர் கிமுராவே என்பது ரிக்கிடோசான் தரப்பின் விளக்கம்.

இந்நிகழ்ச்சி இருவகையில் முதன்மையானது. முதலாவதாக, தொழில்முறை மற்போரின் தலைமை எவருக்கு என்னும் வினா அன்றே முடிவுக்கு வந்தது. இரண்டாவதாக, போட்டிக்கு முன் நடந்த பேச்சுவார்த்தை வெளிச்சத்துக்கு வந்ததால், பெரிய நாளிதழ்கள் மற்போரைத் தம் விளையாட்டுப் பக்கங்களிலிருந்து படிப்படியாக விலக்கின. பின்வந்த ஆய்வாளரின் புறக்கணிப்புக்கும் இதுவே தோற்றுவாய் எனலாம். செய்தித்தாள் கைவிட்டதைத் தொலைக்காட்சி ஏற்றுக்கொண்டது.

புகழின் உச்சம்

1957 அக்டோபரில் உலக வாகையரான லூ தெஸ் ஜப்பான் வந்தார். தோக்கியோவின் கொரக்குவென் திடலில் நடைபெற்ற அறுபது நிமிடப் போட்டி சமநிலையில் முடிந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்சில் தெஸ்ஸை வென்று அனைத்துலகப் பட்டத்தை ரிக்கிடோசான் பெற்றார். 1958 முதல் மிட்சுபிஷி மின்பொருள் நிறுவனத்தின் ஆதரவில் மற்போர் வெள்ளியிரவு நிகழ்ச்சியாக நிலைபெற்றது. போட்டிகளுக்கிடையே அந்நிறுவனத்தின் தூசு உறிஞ்சியைக் கொண்டு மேடையைத் துப்புரவு செய்து காட்டுவது வழக்கமாயிற்று. வீட்டுப் பயன்பாட்டு மின்பொருள்கள் ஜப்பானியக் குடும்பங்களுக்குள் நுழைந்த வழிகளுள் மற்போர் மேடையும் ஒன்று.

1961ஆம் ஆண்டில் ஷிபுயாவில் தமக்கென ஒரு விளையாட்டு மாளிகையை அவர் எழுப்பினார். அடுக்ககங்கள், கேளிக்கை விடுதி எனத் தொழில்கள் விரிந்தன. 1962ஆம் ஆண்டில் பிரெட் பிளாசி என்னும் அமெரிக்கர், எதிரியைக் கடித்துக் குருதி சொரியச் செய்யும் தம் பாணியைக் காட்டியபோது, தொலைக்காட்சியில் அதைக் கண்ட முதியோர் சிலர் அதிர்ச்சியால் இறந்ததாகச் செய்திகள் வெளியாயின. வன்முறைக் காட்சிகள் குறித்த பொதுவிவாதம் எழுந்தது. 1963 மே 24 அன்று முகமூடி மல்லரான டிஸ்ட்ராயருடன் நடைபெற்ற போட்டியை 64 விழுக்காட்டு வீடுகளில் கண்டனர். ஜப்பானியத் தொலைக்காட்சி வரலாற்றின் மிகவுயர்ந்த பார்வையாளர் அளவுகளுள் ஒன்றாக அது இன்றும் விளங்குகிறது.

இவ்வுயர்வுக்கு மறுபக்கமும் உண்டு. மற்போர்க் காட்சிகளை ஊர்தோறும் நடத்துவதற்கு அக்காலத்தில் நிழலுலகக் குழுக்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. சங்கத்தின் பொறுப்புகளில் வலதுசாரித் தலைவர்களும் அக்குழுக்களோடு தொடர்புடையோரும் இடம்பெற்றனர். ரிக்கிடோசான் மாணாக்கரைக் கடுமையாக அடிப்பவர், குடித்தால் கட்டுக்கடங்காதவர். சுமோ கூடத்தில் தாம் பட்டதையே பிறருக்கும் அவர் அளித்தார் என்பது விளக்கமாகுமேயன்றி நியாயமாகாது.

மாணாக்கர் மூவர்

ரிக்கிடோசானின் தாக்கம் நிலைபெற்றது மாணாக்கர் வழியாகவே. தளப்பந்து அணியான யோமியுரி ஜயன்ட்சில் பந்தெறிந்து, பின் காயத்தால் வாய்ப்பிழந்த நெடியவர் பாபா ஷோஹெய், ஜயன்ட் பாபா ஆனார். யோகொஹாமாவில் பிறந்து, குடும்பத்தோடு பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து காப்பித் தோட்டத்தில் உழைத்த பதினேழு வயது இளைஞரை ரிக்கிடோசான் அங்கிருந்தே அழைத்துவந்தார். அவரே அன்டோனியோ இனோக்கி. இருவரும் 1960 செப்டம்பர் 30 அன்று ஒரே நாளில் களமிறங்கினர். 1972ஆம் ஆண்டில் பாபா அனைத்து ஜப்பான் மற்போர் அமைப்பையும், இனோக்கி புதிய ஜப்பான் மற்போர் அமைப்பையும் நிறுவினர். பின்னைய ஜப்பானிய மற்போரின் இரு பெருங்கிளைகளும் இவ்வாறு ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

மூன்றாமவர் கிம் இல். ரிக்கிடோசானின் புகழைக் கேள்வியுற்று 1958ஆம் ஆண்டில் உரிய ஆவணமின்றிக் கொரியாவிலிருந்து கடல்கடந்து வந்து பிடிபட்டவர். ரிக்கிடோசானின் செல்வாக்கால் விடுவிக்கப்பட்டு, ஓக்கி கிண்டாரோ என்னும் ஜப்பானியப் பெயரில் மேடையேறினார். தலைமுட்டு அவரது தனிக்கருவி. தம்மைப்போன்ற ஒருவரைத் தம் கூடத்திலேயே ஏற்று, அவருக்கும் ஒரு ஜப்பானியப் பெயரைச் சூட்டிய செயலில் ரிக்கிடோசானின் உள்ளம் ஓரளவு தெரிகிறது. ஊரை அவர் மறக்கவில்லை; ஆயினும் ஊரின் பெயரோடு மேடையேறும் வழியை அவரால் திறக்க இயலவில்லை. பின்னாளில் தென் கொரியா திரும்பிய கிம் இல், அந்நாட்டு மற்போரின் முதன்மை வீரரானார். தெருக்கூட்டம் கூடித் தொலைக்காட்சியில் மற்போர் காணும் காட்சி அங்கும் நிகழ்ந்தது.

இறுதிக்காலமும் பிந்தைய வெளிப்பாடும்

1963 ஜனவரியில் ரிக்கிடோசான் தென் கொரியாவுக்குச் சென்றார். இரு நாடுகளுக்குமிடையே அப்போது அரசுமுறை உறவு இல்லை. அது 1965ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. கொரியர் அவரைத் தம்மவராக வரவேற்றனர். ஜப்பானிய இதழ்களோ அப்பயணத்தின் உட்பொருளைப் பெரும்பாலும் பேசாமல் கடந்தன. அவர் பிறந்த ஊர் பிரிவினைக் கோட்டுக்கு அப்பால், வடக்கே இருந்தது. அங்கே அவருக்கு ஒரு மகளும் இருந்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 8 இரவு, தோக்கியோவின் அகசக்கா பகுதியிலிருந்த நியூ லத்தீன் குவார்ட்டர் என்னும் கேளிக்கை விடுதியில், நிழலுலகக் குழுவைச் சேர்ந்த ஒருவருடன் எழுந்த தகராறில் அவர் வயிற்றில் கத்திக்குத்து பட்டது. அறுவை மருத்துவம் செய்யப்பட்ட பின்னரும் வயிற்றுறை அழற்சி முற்றி, டிசம்பர் 15 அன்று தம் 39ஆம் வயதில் அவர் காலமானார். தோக்கியோவின் இக்கேகாமி ஹோன்மோன்ஜி கோயிலில் அவரது கல்லறையும் மார்பளவுச் சிலையும் உள்ளன.

அவரது கொரியப் பிறப்பு ஜப்பானியப் பொதுமக்களிடையே பரவலாக அறியப்பட்டது, இறப்புக்குப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே. வட கொரியாவோ அவரைத் தன் வீரராக உரிமை கொண்டாடத் தொடங்கியது. 1995 ஏப்ரலில் இனோக்கி பியோங்யாங்கின் மே நாள் திடலில் இரு நாள் மற்போர் விழாவை நடத்தியபோது, ஆசிரியரின் பிறந்த நாட்டுக்குச் செய்யும் கடனாகவும் அதனைக் கருதினார். தென் கொரியாவில் 2004ஆம் ஆண்டில் அவர் வாழ்வு திரைப்படமாயிற்று. வாழ்ந்தபோது ஒரு நாடு மட்டுமே சொந்தம் கொண்டாடிய ஒருவரை, மறைந்தபின் மூன்று நாடுகள் உரிமை பாராட்டின.

முடிவுரை

தொழில்முறை மற்போரின் முடிவுகள் முன்னரே வகுக்கப்பட்டவை என்பதைக் காட்டி ரிக்கிடோசானின் வாழ்வைப் போலி என ஒதுக்குவோர், அவ்வாழ்வில் உண்மையாகவே மறைக்கப்பட்டது யாது என்பதைக் காணத் தவறுகின்றனர். மேடையில் நிகழ்ந்த புனைவைப் பார்வையாளர் ஓரளவு அறிந்தே ஏற்றனர். பதிவேட்டில் நிகழ்ந்த புனைவை அவர்கள் அறியவில்லை. அறிந்த சிலரும் பேசவில்லை. முதற்புனைவு பொழுதுபோக்கு, இரண்டாவது, வென்றவரையும் அயலாராக்கும் ஒரு சமூகத்தின் கட்டாயம்.

ஜப்பானில் தொலைக்காட்சி வேரூன்றியதிலும், மற்போர் தனித்தொழிலாக நிலைத்ததிலும், கொரியாவில் அக்கலை பரவியதிலும் அவர் பங்கு தெளிவானது. இவற்றுக்கப்பால், நாட்டு அடையாளம் என்பது குருதியால் அமைவதன்று, ஏற்பினால் அமைவது என்னும் உண்மைக்கு அவர் வாழ்வே சான்று. ஆனால் அவ்வேற்பு மோமோட்டா மிட்சுஹிரோவுக்குக் கிடைத்ததேயன்றிக் கிம் சின்-ராக்குக்குக் கிடைக்கவில்லை. அவர் வரலாற்றை எழுதுவோர் இவ்விரு பெயர்களையும் அருகருகே வைத்தே எழுதவேண்டும். ஒன்றை விடுத்தால் மற்றொன்றும் பொருள் இழந்துவிடும்.